நிற்க மறுத்த மோட்டார்: ஒரு 555 டைமர் சுற்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

காவிரி டெல்டாவில் ஒரு சிற்றூர். கொல்லையில் போர்வெல், அதில் 1 ஹெச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார், மொட்டை மாடியில் 1000 லிட்டர் டேங்க். வீட்டில் இருப்பது தாத்தாவும் பாட்டியும் மட்டும். காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டுத் திண்ணையில் நாளிதழோடு உட்காரும் தாத்தாவுக்கு, மோட்டார் ஓடுவது பெரும்பாலும் மறந்துவிடும். டேங்க் வழிந்து, கொல்லைச் சுவரில் தண்ணீர் அடிக்கும் சத்தம் கேட்டுப் பாட்டி குரல் கொடுத்த பிறகுதான் எழுந்து போவார். அந்தச் சுவரில் பாசி ஏறி, அடியில் மண் அரித்துவிட்டது.

பேரன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறான். பொங்கல் விடுமுறைக்கு வந்தவன், "நான் ஒரு டைமர் பண்ணித் தர்றேன் தாத்தா" என்று இறங்கினான். நான் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக்ஸ் பயிற்றுநர். இரண்டு தெரு தள்ளி என் வீடு. சுற்று ஏமாற்றிய பிறகுதான் என்னிடம் வந்தான். அவன் நோட்டில் குறித்து வைத்திருந்தவை, நாங்கள் இருவரும் சேர்ந்து அளந்தவை, அதன்மேல் எடுத்த முடிவுகள் ஆகியவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். இந்தப் பிழையை என் வகுப்பிலும் ஆண்டுதோறும் யாராவது ஒருவர் செய்கிறார்.

முதல் டைமர்

சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பொருட்கள்: ஒரு 555 ஐசி (நேரம் அளக்கும் சிப்), 1 மெகாஓம் ரெசிஸ்டர் (மின்தடை), 1000 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சேர்த்து வைப்பது), 12 வோல்ட் ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), ஒரு 1என் 4007 டயோடு, டாட் போர்டு, 12 வோல்ட் அடாப்டர்.

555 ஐசி, ஹான்ஸ் கமென்சிண்ட் சிக்னெடிக்ஸ் நிறுவனத்துக்காக 1971-ல் வடிவமைத்து, 1972-ல் சந்தைக்கு வந்தது. ஐம்பது ஆண்டு கடந்தும் பாடத்திட்டத்தில் இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும். அதன் வேலை எளிது. உள்ளே மூன்று 5 கிலோஓம் ரெசிஸ்டர்கள் சப்ளை வோல்ட்டேஜை மூன்றாகப் பங்கிடுகின்றன. 2-ஆவது பின்னை (ஐசியின் காலை) ஒரு கணம் தரையோடு (சப்ளையின் மைனஸ் முனையோடு) தொட்டால் 3-ஆவது பின்னில் வெளியீடு உயரும், கெப்பாசிட்டர் ரெசிஸ்டர் வழியாக நிரம்பத் தொடங்கும். அது சப்ளையில் மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டதும் வெளியீடு இறங்கிவிடும். காலம் = 1.1 × ரெசிஸ்டர் × கெப்பாசிட்டர். 1 மெகாஓம், 1000 மைக்ரோஃபாரட் என்றால் 1100 வினாடி, அதாவது 18 நிமிடம் 20 வினாடி. அந்த டேங்க் நிரம்ப ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகும். கணக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதில் பையனுக்குச் சந்தேகம் எழ வழியில்லாமல் போயிற்று.

பிரெட் போர்டில் 100 மைக்ரோஃபாரட் போட்டு முதலில் சோதித்திருக்கிறான். கணக்குப்படி 110 வினாடி. நோட்டில் குறித்திருப்பது 141 வினாடி. பக்கத்திலேயே "கெப்பாசிட்டர் டாலரன்ஸ் 20 சதவீதம், ஓகே" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தான்.

டாலரன்ஸ் என்பது அச்சிட்ட மதிப்பிலிருந்து பொருள் விலகக்கூடிய அளவு. அந்த அடிக்கோட்டில்தான் சறுக்கல் தொடங்குகிறது. கெப்பாசிட்டர் 20 சதவீதம் கூடுதலாக இருந்து, ரெசிஸ்டரும் 5 சதவீதம் கூடுதலாக இருந்தாலும் 139 வினாடியைத் தாண்டக்கூடாது. 141 என்பது, டாலரன்ஸ் அல்லாத வேறொன்றும் நடக்கிறது என்று சுற்று கொடுத்த தகவல். மிஞ்சியது இரண்டு வினாடிதான் என்பதால் கண்ணில் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை

1000 மைக்ரோஃபாரட்டைப் பற்றவைத்து, ரிலேயின் காண்டாக்டை மோட்டாரின் ஃபேஸ் வயரில் நேரடியாகக் கொடுத்து, பட்டனை அழுத்தினான். மோட்டார் ஓடியது. தாத்தா இந்த முறை நிம்மதியாக நாளிதழை விரித்தார். முழு நேரமும் ஓடவிட்டுப் பார்க்கும் சோதனை அதற்கு முன் ஒருமுறைகூட நடக்கவில்லை. 18 நிமிடம் காத்திருக்கப் பொறுமை இல்லை என்று பின்னர் என்னிடம் ஒப்புக்கொண்டான்.

அரை மணி நேரம் ஆயிற்று. வழக்கமான சத்தம் கேட்டது. "அதான் டைமர் இருக்கே, நிறுத்திரும்" என்று தாத்தா சொல்ல, பாட்டியும் சற்றுப் பொறுத்திருந்தார். 50 நிமிடத்துக்குப் பிறகு பையனே ஓடிப்போய் மெயினை அணைத்தான். மறதியால் வழிந்த நாட்களைவிட, டைமரை நம்பிய அந்த நாளில் கொட்டிய தண்ணீர்தான் அதிகம்.

அன்று மாலை பலகையோடு வந்தான். "சார், ஐசி டூப்ளிகேட்டா இருக்குமோ?" என்பதுதான் முதல் கேள்வி.

அளந்து பார்த்தது

ரிலே காண்டாக்ட் ஒட்டிக்கொண்டதா என்று முதலில் பார்த்தோம். சப்ளையை எடுத்ததும் ரிலே 'டக்' என்று விட்டது, மீட்டரிலும் தொடர்பு அறுந்திருந்தது. ஒட்டவில்லை. 2-ஆவது பின் எங்காவது தரையோடு சிக்கியிருந்தால் வெளியீடு இறங்காது. அங்கே 12 வோல்ட் சரியாக நின்றது. 3-ஆவது பின்னின் எல்.இ.டி. விடாமல் எரிந்தது. ஆக, ஐசி இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது.

எதற்குக் காத்திருக்கிறது என்று பார்க்க மல்டிமீட்டரை, கெப்பாசிட்டரின் வோல்ட்டேஜைக் கவனிக்கும் 6-ஆவது பின்னில் வைத்து, பட்டனை அழுத்திவிட்டு உட்கார்ந்தோம். 12-இல் மூன்றில் இரண்டு பங்கு, எட்டு வோல்ட்டைத் தொட வேண்டும். 3 வோல்ட் வரை சுறுசுறுப்பாக ஏறியது. 5-ஐத் தாண்டியதும் மாடிப்படி ஏறும் முதியவர்போல நின்று நின்று போயிற்று. அரை மணி நேரத்தில் 5.9. அதற்குமேல் கடைசி இலக்கம்கூட நகரவில்லை.

மீட்டரே கொஞ்சம் மின்சாரத்தை இழுக்கும் என்பதை இங்கே விட்டுவிடக் கூடாது. அதன் உள்தடை 10 மெகாஓம். ஆனால் மீட்டர் மட்டும் குறுக்கே இருந்தால் வோல்ட்டேஜ் 10.9 வரை ஏறியிருக்கும். 5.9-ல் நிறுத்துவது வேறொன்று.

கெப்பாசிட்டரைத் தனியாகக் கழற்றி 12 வோல்ட்டுக்கு நிரப்பி, எதிலும் இணைக்காமல் மேசைமேல் வைத்தோம். பத்து நிமிடம் கழித்து மீட்டரால் ஒரு கணம் தொட்டுப் பார்த்தால் 7.4 வோல்ட். 1000 மைக்ரோஃபாரட்டில் 600 வினாடிக்கு 4.6 வோல்ட் இறங்கியிருக்கிறது. சராசரியாக 7 மைக்ரோஆம்பியருக்கு மேல் உள்ளுக்குள்ளேயே கசிகிறது.

கடைசியாக 1 மெகாஓமை எடுத்துவிட்டு 100 கிலோஓம் போட்டோம். கணக்குப்படி 110 வினாடி, நின்றது 128-ல். ஆனால் நின்றது! ஐசி அசல்தான், பற்றவைப்பும் சரிதான்.

கணக்கு எங்கே பிசகியது

1.1 என்ற எண் இயற்கை மடக்கையில் 3-இன் மதிப்பு, 1.0986. கெப்பாசிட்டருக்குள் போகும் மின்சாரம் அத்தனையும் அங்கேயே தங்கும் என்ற அனுமானத்தில் வந்த எண் அது. எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் அடியில் ஓட்டை உள்ள குடம். குழாயை நன்றாகத் திறந்து விட்டால் குடம் நிரம்பும். சொட்டுச் சொட்டாக விட்டால், உள்ளே வருவதும் ஓட்டையில் போவதும் சமமாகும் மட்டத்தில் தண்ணீர் நின்றுவிடும்.

எட்டு வோல்ட்டைத் தொடும் நேரத்தில் ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கு இடையே மிஞ்சுவது 4 வோல்ட். 1 மெகாஓம் வழியாக 4 வோல்ட் தள்ளக்கூடியது 4 மைக்ரோஆம்பியர். கசிவோ அதைவிட அதிகம். குடம் 5.9-ல் நின்றதற்கு இதுதான் காரணம். மோட்டார் நாள் முழுக்க ஓடியிருந்தாலும் அந்த ஐசி நிறுத்தியிருக்காது.

"அப்ப கெப்பாசிட்டர் டூப்ளிகேட்டா சார்?" என்றான். அதுவும் இல்லை. இந்த வகைக் கெப்பாசிட்டருக்குத் தயாரிப்பாளர்கள் வழக்கமாகக் குறிப்பிடும் கசிவு வரம்பு, கொள்ளளவையும் வோல்ட்டேஜையும் பெருக்கி அதில் நூறில் ஒரு பங்கு மைக்ரோஆம்பியர். 1000 × 25-க்கு 250 மைக்ரோஆம்பியர் வரை கசியலாம். இவனுடையது 7 சொச்சம்தான், நல்ல சரக்கு. நல்ல சரக்கை அதற்குரியதல்லாத இடத்தில் வைத்தது வடிவமைப்பின் தவறு. இதைச் சொன்னபோது பையனின் முகம் சுருங்கியது. கடைக்காரர்மேல் போட முடியாமல் போனதில் அவனுக்கு வருத்தம். ஆனால் இந்த இடத்தை அவன் தெளிவாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நான் விடாமல் பேசினேன்.

"ரெசிஸ்டரைக் குறைச்சு, கெப்பாசிட்டரைக் கூட்டினா?" என்று அவனே கேட்டான். நல்ல கேள்வி. 220 கிலோஓம், 4700 மைக்ரோஃபாரட் என்றாலும் காலம் ஏறக்குறைய அதே 1137 வினாடி. நிரப்பும் மின்சாரம் நாலரை மடங்கு கூடும். ஆனால் கொள்ளளவு கூடியதால் கசிவும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் கூடும். இரண்டின் விகிதம் ரெசிஸ்டர் × கெப்பாசிட்டர் என்ற பெருக்குத்தொகையைப் பொறுத்தது, அதாவது காலத்தையே பொறுத்தது. ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைத்து இதிலிருந்து தப்ப முடியாது. வெயிலில் கசிவு இன்னும் ஏறும் என்பதால், ஜனவரியில் தட்டுத்தடுமாறி ஓடும் சுற்றுகூட மே மாதத்தில் நின்றுபோகும்.

எடுத்த முடிவுகள்

நீண்ட நேரத்தை ஒரே மூச்சில் அளப்பதை விட்டுவிட்டு, சிறிய நேரத்தைப் பலமுறை எண்ணுவது என்று தீர்மானித்தோம். 4060 ஐசி அதற்கென்றே இருக்கிறது. உள்ளேயே ஆசிலேட்டர் (துடிப்புகளை உண்டாக்கும் பகுதி), அதன்பின் 14 படி எண்ணி. 8192 துடிப்புகள் முடிந்ததும் 3-ஆவது பின் உயரும். 18 நிமிடத்தை 8192-ஆல் வகுத்தால் ஒரு துடிப்புக்கு 0.132 வினாடி. இதற்கு 0.47 மைக்ரோஃபாரட் பாலியெஸ்டர் கெப்பாசிட்டரே போதும், அதில் கசிவு பேச்சுக்கே இடமில்லை. துடிப்பின் காலம் 2.3 × ரெசிஸ்டர் × கெப்பாசிட்டர். ரெசிஸ்டர் 122 கிலோஓம் வருகிறது. 100 கிலோஓமோடு 100 கிலோஓம் ப்ரீசெட் (திருப்பித் தடையை மாற்றும் ரெசிஸ்டர்) ஒன்றைத் தொடராகப் போட்டால் 15 நிமிடத்திலிருந்து 29 நிமிடம்வரை திருப்பி வைத்துக்கொள்ளலாம். 11-ஆவது பின்னுக்கு 1 மெகாஓம்.

ஆர்டுயினோ (புரோகிராம் எழுதி ஓட்டும் சின்னப் பலகை) வைக்கலாமே என்று அவன் கேட்டான். வைக்கலாம், தவறில்லை. அவன் ஊரில் இல்லாத நாளில் பழுதானால், புரோகிராம் இல்லாத பலகை என்றால் நானோ பக்கத்து ஊர் ரேடியோ மெக்கானிக்கோ திறந்து பார்த்துவிட முடியும். அதனால் 4060 போதும் என்றேன்.

அடுத்தது 230 வோல்ட் பக்கம். எனக்கு உண்மையில் பதறியது இங்கேதான். அவன் போர்டில் ஃபேஸ் போகும் தடத்துக்கும் 12 வோல்ட் தடத்துக்கும் இடையே ஒரு துளை இடைவெளி, இரண்டரை மில்லிமீட்டர். கொல்லை ஈரத்தில், பட்டனைத் தொடுபவர் வயதானவர் என்ற நிலையில், இதை ஒருநாள்கூட அப்படியே விட்டிருக்கக் கூடாது. அந்தச் சின்ன ரிலேமேல் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கலாம். மோட்டார் எடுக்கும் கணத்தில் இழுப்பது ஓடும் கரண்டைப்போலப் பல மடங்கு. காண்டாக்ட் ஒட்டிப்போயிருந்தால் டைமர் சரியாக இருந்தும் பயனிருக்காது. ஆகவே மோட்டாரைக் காண்டாக்டர் (அதிகக் கரண்டைத் தாங்கும் பெரிய ரிலே) இயக்கட்டும், ரிலே அந்தக் காண்டாக்டரின் காயிலை (கம்பிச்சுருளை) மட்டும் பிடிக்கட்டும், மெயின் வயரிங்கை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் செய்யட்டும், பையன் 12 வோல்ட்டைத் தாண்டிக் கை வைக்கக் கூடாது என்று முடிவானது.

ரிலேயை எந்தப் பக்கம் இணைப்பது என்று வெகுநேரம் பேசினோம். நேரம் முடிந்ததும் ரிலே இழுத்து மோட்டாரை நிறுத்துவது சுலபம், ஒரு டிரான்சிஸ்டர் போதும். ஆனால் டைமர் செத்துப்போனால் மோட்டாரை நிறுத்த ஆளில்லை, பழைய கதைதான். அதனால் தலைகீழாக வைத்தோம். ரிலே இழுத்திருக்கும்வரைதான் மோட்டார் ஓடும். எண்ணி முடிந்தாலும், அடாப்டர் போனாலும், வயர் விட்டுப்போனாலும் ரிலே விழும், மோட்டார் நிற்கும். இதற்கு இரண்டு பிசி 547 டிரான்சிஸ்டர்கள் தேவைப்பட்டன.

அடாப்டருக்கான கரண்டும் காண்டாக்டருக்குப் பின்னாலிருந்தே வருகிறது. பச்சைப் பட்டனை ஒரு வினாடி பிடித்தால் டைமர் உயிர் பெற்று, ரிலே இழுத்து, காண்டாக்டரைத் தாங்கிக்கொள்ளும். மின்வெட்டு வந்தால் எல்லாம் விழுந்துவிடும், கரண்ட் திரும்பியதும் தானாக ஓடாது. பாதியில் போன கரண்ட் திரும்பியபின் பட்டனை மறுபடி அழுத்தினால் 18 நிமிடமும் முதலிலிருந்து எண்ணப்படும் என்ற குறை இதில் உண்டு. தெரிந்தேதான் ஏற்றோம்.

512 மினுக்கல்

18 நிமிடம் காத்திருக்க முடியாமல்தான் முதல்முறை சோதிக்காமல் விட்டான். 4060-இன் 7-ஆவது பின் 16 துடிப்புக்கு ஒருமுறை மினுக்கும். அங்கே ஒரு பச்சை எல்.இ.டி. வைத்தோம். மொத்தம் 512 மினுக்கலில் நேரம் முடியும். ஆகவே 64 மினுக்கலுக்கு 135 வினாடி வந்தால் முழு நேரமும் 18 நிமிடம்தான். கைப்பேசியில் நிறுத்துகடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணினான். முதலில் 129 வந்தது. ப்ரீசெட்டைக் கொஞ்சம் திருப்பினான். 136. மறுபடி ஒரு மயிரிழை. 135.

பிறகு முழு நேரமும் மூன்று முறை ஓடவிட்டோம். 17 நிமிடம் 58 வினாடி, 18 நிமிடம் 3 வினாடி, 18 நிமிடம் 1 வினாடி. நோட்டில் இந்த முறை அடிக்கோடு போடவில்லை, மூன்று எண்களையும் எழுதித் தேதி போட்டான்.

11 நிமிடத்தில் நின்ற மோட்டார்

பிப்ரவரி முதல் வாரம் எலெக்ட்ரீஷியன் வந்து பொருத்தினார். முதல் ஓட்டமே 11 நிமிடத்தில் நின்றுவிட்டது. மேசைமேல் 18, கொல்லையில் 11.

பையன் ஐசியை மாற்றலாம் என்றான். எல்.இ.டி.யை எண்ணிப் பார்க்கச் சொன்னேன். மோட்டார் ஓடும்போது 64 மினுக்கலுக்கு 83 வினாடி! அதை எட்டால் பெருக்கினால் 11 நிமிடம். மோட்டாரைப் பிரித்துவிட்டுப் பலகையை மட்டும் ஓடவிட்டால் பழையபடி 135. எண்ணியில் பிழையில்லை, எண்ண வேண்டியதைவிட அதிகமாக ஏதோ அதற்கு வந்து சேர்கிறது.

பெட்டியின் முகப்பிலிருந்தே நேரத்தை மாற்ற வசதியாக இருக்கட்டும் என்று ப்ரீசெட்டை இரண்டடி வயரில் வெளியே கொண்டுவந்திருந்தான். அந்த வயர் காண்டாக்டரின் வயர்களோடு ஒரே கட்டாகக் கட்டப்பட்டிருந்தது. ஆசிலேட்டர் பின்கள் அதிகத் தடை கொண்டவை, பக்கத்தில் ஓடும் 50 ஹெர்ட்ஸை அந்த வயர் ஏரியல்போல வாங்கி உள்ளே விட்டது. ப்ரீசெட்டைப் போர்டிலேயே பற்றவைத்தோம். ஐசியின் 16, 8 பின்களுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் போட்டோம். காண்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே 100 ஓமும், மெயினுக்கென்றே வரும் எக்ஸ்2 வகை 0.1 மைக்ரோஃபாரட்டும் தொடராக வைத்தார் எலெக்ட்ரீஷியன். பலகையைக் காண்டாக்டரிலிருந்து விலக்கித் தனிப் பெட்டியில் வைத்தோம். மினுக்கல் 135-க்குத் திரும்பியது.

அந்த 1000 மைக்ரோஃபாரட்டும் வீணாகவில்லை. 12 வோல்ட் சப்ளையின் குறுக்கே ஃபில்டராக உட்கார்ந்திருக்கிறது. மில்லிஆம்பியர் கணக்கில் ஓடும் அந்த இடத்தில் 7 மைக்ரோஆம்பியர் கசிவை யாரும் பொருட்படுத்தப் போவதில்லை.

ஆனால் அதுவே ஒரு சின்னத் தொல்லையும் தந்தது. மோட்டார் நின்ற சில வினாடிக்குள் மறுபடி பட்டனை அழுத்தினால், கையை எடுத்ததும் மோட்டார் நின்றுவிடும். கெப்பாசிட்டரில் மிச்சமிருந்த சார்ஜால் எண்ணி பழைய நிலையிலேயே இருந்துவிடுகிறது. குறுக்கே 1 கிலோஓம் வைத்ததும் சரியாயிற்று.

அதன்பின்

பிப்ரவரியிலிருந்து தினமும் ஓடுகிறது. மே மாத வெயிலில் ஒருநாள் போய் அளந்தேன், 18 நிமிடம் 9 வினாடி. காலையில் பச்சை மினுக்கலைப் பார்த்துவிட்டுத்தான் பாட்டி அடுப்படிக்குப் போகிறார். மினுக்கினால் டைமர் எண்ணிக்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

குறையும் ஒன்று தெரிந்தது. முந்தின நாள் விருந்தாளி யாரும் வராமல் டேங்கில் பாதித் தண்ணீர் மிச்சமிருந்தால், 18 நிமிடம் அதிகம். ஏப்ரலில் இரண்டு முறை வழிந்திருக்கிறது. கோடையில் போரில் நீர் இறங்கிய வாரம், 18 நிமிடத்தில் முக்கால் டேங்க்தான் ஏறியது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

டைமருக்குத் தண்ணீர் தெரியாது, நேரம்தான் தெரியும். இந்த வீட்டுக்கு முதலில் தேவைப்பட்டது டேங்கில் ஒரு ஃப்ளோட் சுவிட்ச், அதாவது நீர்மட்டத்தோடு மிதந்து ஏறி இறங்கும் சுவிட்ச். பையன் டைமர் என்று சொல்லிக்கொண்டு வந்ததும் நானும் டைமரையே சரிசெய்யத் தொடங்கிவிட்டேன். அது என்னுடைய பிழை. டேங்க் எப்படி நிரம்புகிறது, எப்படிக் குறைகிறது என்று தாத்தாவிடமும் பாட்டியிடமும் ஒரு பத்து நிமிடம் பேசியிருந்தால் முதல் நாளே இது தெரிந்திருக்கும்.

டைமரைக் கழற்றப் போவதில்லை. போர் வற்றிய நாளில் ஃப்ளோட் ஏறவே ஏறாது. அப்போது தண்ணீரில்லாமல் ஓடும் மோட்டாரை 25 நிமிடத்துக்குமேல் ஓடவிடாமல் டைமர் நிறுத்தும். இரண்டையும் காண்டாக்டர் காயிலுக்குத் தொடராகக் கொடுத்து, ப்ரீசெட்டை 25-க்குத் திருப்புவது என்று பேசியிருக்கிறோம். 25 நிமிடம் என்றால் 64 மினுக்கலுக்கு 187.5 வினாடி வர வேண்டும்.

வகுப்பில் நான் மாற்றியது ஒன்று. 555 பாடத்தில் 1 மெகாஓமையும் 1000 மைக்ரோஃபாரட்டையும் கையில் கொடுத்து, காலத்தைக் கணக்கிடச் சொல்லிவிட்டு, 6-ஆவது பின்னில் மீட்டரை வைத்து உட்காரச் சொல்கிறேன். மற்ற வேலைகள் பக்கத்தில் நடக்கட்டும், அரை மணி நேரத்துக்கு அந்த மீட்டர் அங்கேயே இருக்கும்.

பையன் ஆடி விடுமுறைக்கு வருகிறான். ஃப்ளோட் சுவிட்சுக்கு மாடியிலிருந்து கொல்லைவரை நாற்பதடி வயர் இழுக்க வேண்டும். காண்டாக்டர் வயரோடு சேர்த்துக் கட்டக் கூடாது என்று அவனே செய்தி அனுப்பியிருக்கிறான்.